கண் இமைக்கும் சினைப்பைக்கும் ஒரே மரபணுவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சூரமங்கலம்_அத்தை:
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மகளுக்கு 22 வயது. அண்ணன் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார், பெண் எங்கள் வீட்டில் தங்கி சேலத்தில்தான் காலேஜ் படித்தாள். 14 வயதில் வயசுக்கு வந்தாள். அப்போதிருந்தே மாதவிடாய் ஒழுங்காக வந்ததில்லை, இப்போது ஒரு வருடத்துக்கும் மேலாக நின்றே போய்விட்டது. முதலில் காட்டிய இடத்தில் ரத்தம்கூட எடுக்காமல் நீர்க்கட்டி என்று மாத்திரை கொடுத்து, எடையைக் குறை என்றார்கள். 43 கிலோ பெண்ணிடம் குறைக்க என்ன இருக்கிறது?

இப்போது வேறொரு டாக்டரம்மா. எஃப்.எஸ்.எச். 68, ஏ.எம்.எச். 0.02 என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் சினைப்பை சின்னதாக இருக்கிறதாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கண் இமை பிறவியிலேயே இப்படியா?" என்பது. ஆமாம், அவளுக்கு இமை சரிந்துதான் இருக்கும், கண் சின்னதாக, மூக்கோரத்தில் கீழிமையிலிருந்து ஒரு தோல் மடிப்பு மேலே ஏறும். ஐந்து வயதில் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தோம். அண்ணனுக்கும் அதே கண், எங்கள் அப்பாவுக்கும் அதே கண். எனக்கு இல்லை. இதைச் சொன்னதும் ஒரு மரபணுவின் பெயரை எழுதி, டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்.

கண் இமைக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம்? காசு பிடுங்கும் வேலை என்று அண்ணன் ஒரே முடிவாகச் சொல்கிறார். வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சக்குட்டை:
அண்ணன் கோபமும் நியாயம்தானே அக்கா. இப்போதெல்லாம் தலைவலிக்குப் போனாலும் ஜீன் டெஸ்ட் என்கிறார்கள்.

ஐந்துரோடு_லேப்:
மஞ்சக்குட்டை தம்பி, இது அந்த ரகம் இல்லை. நான் லேப்பில் வேலை செய்கிறவள், தினமும் இந்த எண்களைப் பார்க்கிறேன். ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ஹார்மோன். நீர்க்கட்டி என்றால் அது பொதுவாகக் கூடுதலாகத்தான் இருக்கும், எஃப்.எஸ்.எச். ஏறாது. இங்கே தலைகீழ். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வளர்க்கச் சொல்லி எஃப்.எஸ்.எச்.சை அனுப்புகிறது. சினைப்பை அதைக் கேட்டு ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் சுரந்தால், போதும் என்று பிட்யூட்டரி குறைத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் கூட்டிக்கொண்டே போகும். 40 வயதுக்குள் மாதவிடாய் நின்று எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் என்றாலே சினைப்பை முன்கூட்டியே ஓய்கிறதா என்று பார்க்க வேண்டும். 68 என்பது ரொம்பத் தெளிவான எண். ஏ.எம்.எச். அந்த அளவுக்குக் குறைந்திருப்பதும் அதையேதான் சொல்கிறது. இமையைக் கவனித்த டாக்டர் கெட்டிக்காரர், அவரை விட்டுவிடாதீர்கள் அக்கா.

ஆத்தூர்_உயிரியல்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் இது எனக்கு ரொம்பப் பிடித்த மரபணு, அதனால் நீட்டத்தான் போகிறேன்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது ஃபாக்ஸ்எல்2 என்று நினைக்கிறேன். மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. இந்த இமைக் குறைபாட்டுக்குப் பி.பி.இ.எஸ். என்று பெயர், அதற்குக் காரணம் இந்த மரபணுதான் என்பது 2001-இல் உறுதியானது. அதற்கு வெகுமுன்பே, 1983-இல், இதில் இரண்டு வகை உண்டு என்று குடும்பங்களைப் பார்த்தே பிரித்துவிட்டார்கள். ஒரு வகையில் இமையோடு சேர்ந்து பெண்களுக்குச் சினைப்பையும் சீக்கிரம் ஓயும், இன்னொரு வகையில் இமை மட்டும். முதல் வகை தலைமுறை தாண்டி வருகிறது என்றால் பெரும்பாலும் ஆண்கள் வழியாகத்தான் வரும், ஏனென்றால் அந்தக் குறை உள்ள பெண்களுக்குக் குழந்தை பிறப்பது அரிது, ஆண்களுக்கு ஒரு தடையும் இல்லை. தாத்தா, அப்பா, மகள் என்று அக்கா எழுதிய வரிசையைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

சரி, இமைக்கும் சினைப்பைக்கும் என்ன உறவு? உறுப்புகளுக்குள் நேரடி உறவு எதுவும் இல்லை. கரு வளரும்போது கண்ணைச் சுற்றி இமை உருவாகிற இடத்தில் இந்த மரபணு வேலை செய்கிறது, சினைப்பையிலும் வேலை செய்கிறது, பிட்யூட்டரியிலும் கொஞ்சம். ஒரே மரபணு, வேறு வேறு இடத்தில் வேறு வேறு வேலை. இது ஹார்மோன் கிடையாது, ஹார்மோனைத் தயாரிக்கும் நொதியும் கிடையாது. 376 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதம், டி.என்.ஏ.வில் மற்ற மரபணுக்களின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு சிலதை இயக்கும், சிலதை அடக்கும்.

சினைப்பைக்குள் முட்டை தனியாக இருப்பதில்லை. சுற்றி ஒரு வரிசை கிரானுலோசா செல்கள் இருக்கும், முதலில் தட்டையாக. முட்டை வளர வேண்டுமென்றால் அந்தச் செல்கள் பருத்து, பல அடுக்காகப் பெருக வேண்டும். ஃபாக்ஸ்எல்2 இல்லாத எலிகளை 2004-இல் ஆராய்ந்தபோது அந்தச் செல்கள் தட்டையாகவே நின்றுவிட்டன, முட்டைகள் மட்டும் நேரத்துக்கு முன்பே விழித்துக்கொண்டு துணையில்லாமல் அழிந்தன. இது குழந்தைப்பேறு பக்கம்.

ஹார்மோன் பக்கம் இன்னும் சுவாரசியம். வெளி அடுக்கில் இருக்கும் தீக்கா செல்கள் முதலில் தயாரிப்பது ஆண்ட்ரோஜனை. ஆமாம், பெண்ணின் சினைப்பையிலும் முதலில் வருவது ஆண் ஹார்மோன் வகைதான். அது கிரானுலோசா செல்லுக்குள் வந்ததும் அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அரோமட்டேஸ் மரபணுவை இயக்குவதில் ஃபாக்ஸ்எல்2-க்கு நேரடிப் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், ஹார்மோன் தயாரிப்பின் முதல் படியில் கொலஸ்ட்ராலை உள்ளே கொண்டுபோகிற ஸ்டார் என்ற புரதத்தின் மரபணுவை அடக்கியும் வைக்கிறது, முட்டை முதிரும் முன்பே அந்த வேலை தொடங்கிவிடாதபடி. ஒரே ஆள் ஓரிடத்தில் முடுக்குகிறார், ஓரிடத்தில் பிடித்து நிறுத்துகிறார்.

உச்சம் 2009-இல் வந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலும் லண்டனிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள், நன்றாக வளர்ந்த பெண் எலிகளில், அதாவது சினைப்பை முழுசாக உருவாகி முடிந்த பிறகு, இந்த மரபணுவை மட்டும் நீக்கினார்கள். மூன்றே வாரத்தில் கிரானுலோசா செல்கள் விந்தகத்தில் இருக்கும் செர்டோலி செல்களைப் போல மாறத் தொடங்கின. ஆண் பக்கத்து மரபணுவான சாக்ஸ்9 விழித்துக்கொண்டது. டெஸ்டோஸ்டிரோன் ஆண் எலியின் அளவுக்கு ஏறியது. இரண்டு வருடம் கழித்து, 2011-இல், அமெரிக்காவில் மின்னசோட்டாக் குழு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. வளர்ந்த ஆண் எலியின் விந்தகத்திலிருந்து டிஎம்ஆர்டி1 என்ற மரபணுவை எடுத்தால் அது சினைப்பைப் பக்கம் சாய்கிறது. பிறக்கும் முன்பே ஆண், பெண் தீர்மானமாகிவிடும், அதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த பாடம். இல்லை, சினைப்பை சினைப்பையாகவே இருப்பதற்கு வாழ்நாள் பூராவும் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மஞ்சக்குட்டை:
சார், இது எங்கள் எஸ்டேட் கங்காணி வேலை மாதிரியே இருக்கிறது. காலையில் பேரைக் கூப்பிட்டு வரிசை பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது, சாயங்காலம் எடை போடும் வரைக்கும் கூடவே நிற்க வேண்டும். கங்காணி நகர்ந்தால் பழம் பறிக்கிற ஆள் மிளகுக் கொடியில் ஏறிவிடுவான்.

மேச்சேரி_பட்டி:
நல்ல பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, நான் ஆட்டுக்காரன், நடுவில் வரலாமா தெரியவில்லை. எங்கள் தாத்தா வெள்ளாட்டில் மோழைக்கு மோழை, அதாவது கொம்பில்லாததற்குக் கொம்பில்லாதது, சேர்க்கக் கூடாது என்பார். சேர்த்தால் பிறக்கிற குட்டியில் கிடாவும் இல்லாத பெட்டையும் இல்லாத ஒன்று வரும், பெட்டை மாதிரி இருக்கும், சினையே பிடிக்காது என்பார். மேச்சேரி செம்மறியில் அந்தப் பயம் கிடையாது, கிடா, பெட்டை எல்லாமே மோழைதான், ஈற்றுக்கு ஒரு குறையும் இல்லை. கொம்புக்கும் கருவுக்கும் சம்பந்தம் இருக்கிறபோது இமைக்கும் இருக்கக் கூடாதா?

ஆத்தூர்_உயிரியல்:
மேச்சேரி அண்ணா, உங்கள் தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. அதுவும் இதே மரபணு!

வெள்ளாட்டில் கொம்பில்லாமைக்கும் இரண்டுங்கெட்ட குட்டிக்கும் தொடர்பு இருப்பதை 1944-லேயே எழுதிவிட்டார்கள். ஐரோப்பாவின் பால் ஆடுகளில், சானன், ஆல்பைன் மாதிரி இனங்களில், இது பெரிய தலைவலி. கொம்பில்லாமை ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே குட்டி மோழையாகும், ஆனால் பெட்டையாகவே இருக்கும், நன்றாக ஈனும். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் பெட்டைக்குட்டியின் சினைப்பை விந்தகமாகத் திரும்பிவிடும். அதனால்தான் மோழையை எப்போதும் கொம்புள்ளதோடு சேர்ப்பார்கள். 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆட்டின் முதல் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் விடுபட்ட இடம் ஃபாக்ஸ்எல்2-க்குள் இல்லை, அதிலிருந்து வெகுதூரம் தள்ளி. அந்த இடம் கெட்டதும் சினைப்பையில் ஃபாக்ஸ்எல்2 வேலை நின்றுபோகிறது. 2014-இல் கொம்பைத் தொடாமல் ஃபாக்ஸ்எல்2-ஐ மட்டும் வெட்டிப் பார்த்தார்கள், பெட்டைக் கருவில் விந்தகம் வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

செம்மறியில் கொம்பைத் தீர்மானிக்கும் மரபணு முற்றிலும் வேறு, வேறு குரோமோசோமில் இருக்கிறது. அதனால் மேச்சேரி ஆட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மேச்சேரி ஆட்டுக்கென்றே இருக்கும் பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்தில் காலம் காலமாக மோழைக்கு மோழைதான் சேர்க்கிறார்கள்.

மேச்சேரி_பட்டி:
தாத்தா இருந்திருந்தால் சந்தையில் நின்று ஊருக்கே சொல்லியிருப்பார். நன்றி சார். நம்ம சேலம் கருப்பு வெள்ளாட்டில் கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு உண்டு, அதனால் நான் இதை நேரில் பார்த்ததில்லை. பால் ஆடு வாங்கி விட்டவர்கள் பார்த்திருக்கலாம்.

சூரமங்கலம்_அத்தை:
எலி, ஆடு எல்லாம் படித்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பெண் ஆணாக மாறிவிடுவாளா? அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வேன்?

ஐந்துரோடு_லேப்:
இல்லை அக்கா, இல்லவே இல்லை. எலியிலும் ஆட்டிலும் இரண்டு பிரதியும் போய்விட்டது. நம் எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு இருக்கும். பி.பி.இ.எஸ். உள்ளவர்களுக்கு அதில் ஒன்றுதான் பழுது, இன்னொன்று நன்றாக வேலை செய்கிறது. பாதி அளவு புரதம் இருப்பதால் சினைப்பை சினைப்பையாகத்தான் இருக்கும், ஆனால் நெடுநாள் தாக்குப்பிடிக்க அது போதவில்லை. சிலருக்கு முட்டைகள் வேகமாகத் தீர்ந்துபோகும், சிலருக்கு முட்டை இருந்தும் எஃப்.எஸ்.எச்.சுக்கு அசையாது. பெண் பெண்தான். அண்ணியிடம் இந்த எலிக் கதையைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாராவது இணையத்தில் தேடிப் பயமுறுத்துவார்கள். ஃபாக்ஸ்எல்2 என்று போட்டால் சினைப்பைக் கட்டி, புற்றுநோய் என்று வரும். பெரியவர்களுக்கு வரும் கிரானுலோசா செல் கட்டியில், புரதத்தின் 134-ஆவது இடத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பதை 2009-இல் கனடாவில் கண்டார்கள், 89 கட்டிகளில் 86-இல் இருந்தது. அது அந்தக் கட்டியின் செல்லுக்குள் மட்டும் பிற்காலத்தில் உண்டாவது, பிறவியில் வருவது இல்லை. உங்கள் வீட்டுக் கதை வேறு.

வாழப்பாடி_பெரியவர்:
எல்லாம் சரி, அடிப்படைக் காரணத்தை யாரும் பேசவில்லையே. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கொடுத்து வாங்கினால் இப்படித்தான் வரும்.

சூரமங்கலம்_அத்தை:
ஐயா, அண்ணி ராசிபுரம் பக்கத்துப் பெண், எங்களுக்கு ஒரு விதத்திலும் சொந்தம் கிடையாது.

ஆத்தூர்_உயிரியல்:
ஐயா சொல்வது வேறு நோய்களுக்குப் பொருந்தும். இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் குறைகளுக்குச் சொந்தத்தில் மணம் முடிப்பது ஆபத்தைக் கூட்டும். சினைப்பை முன்கூட்டி ஓய்வதிலேயே அப்படிச் சில மரபணுக்கள் உண்டு, ஸ்டேக்3 என்பதை 2014-இல் உறவுக்குள் மணம் செய்த ஒரு குடும்பத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் பி.பி.இ.எஸ்.சுக்கு ஒரு பிரதி போதும், சொந்தமோ அசலோ கணக்கே இல்லை, ஒவ்வொரு குழந்தைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக ஒரு குழந்தையிடம் தொடங்குவதும் உண்டு. சொந்தத்தில் கொடுத்தார்கள் என்று சொல்லி ஒரு தாய் மேல் பழியைப் போட இங்கே இடமில்லை ஐயா.

வாழப்பாடி_பெரியவர்:
பழி சொல்லவில்லை தம்பி, பொதுவாகச் சொன்னேன். ஏற்றுக்கொள்கிறேன்.

அம்மாப்பேட்டை_தறி:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. எனக்கும் சினைப்பை ஓய்ந்துவிட்டது, 29 வயதில். எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை, குரோமோசோம் பார்த்தார்கள், எஃப்.எம்.ஆர்.1 என்ற இன்னொரு மரபணு பார்த்தார்கள், தைராய்டு, எதிர்ப்பொருள் எல்லாம் பார்த்தார்கள், காரணம் தெரியவில்லை. நிறையப் பேருக்குக் காரணம் தெரியாமலே போகும் என்றார்கள். உங்கள் பெண்ணுக்குக் காரணத்துக்கு ஒரு பெயர் கிடைக்கப்போகிறது, அதுவே பெரிய விஷயம், நான் பட்ட பேச்சு அவள் படமாட்டாள். ராத்திரி தறி ஓட்டினதால், சூடு உடம்பு, ஏதோ சாபம், எத்தனை.

சொல்ல வந்தது வேறு. எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேசுகிறீர்கள். 22 வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் கெடுதல். எனக்கு முதலில் யாரும் இதைச் சொல்லவில்லை, மாதவிடாய் இல்லையா, நிம்மதி என்று இருந்துவிட்டேன். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. இப்போது ஈஸ்ட்ரோஜனும், கருப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோனும் எடுக்கிறேன், சாதாரணமாக மாதவிடாய் நிற்கிற வயது, 50 வாக்கில், அதுவரைக்கும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை என்றால் மார்பகப் புற்று வரும் என்று அக்கம்பக்கம் பயமுறுத்துவார்கள். அந்தப் பேச்சு வயதானவர்கள் கூடுதலாக எடுப்பது பற்றியது, நமக்கு இது உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. கேழ்வரகு சாப்பிடட்டும், வெயிலில் நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் கேழ்வரகில் ஈஸ்ட்ரோஜன் இல்லை.

ஐந்துரோடு_லேப்:
தறி அக்கா எழுதியதை இங்கே மேலே ஒட்டி வைக்க வேண்டும். ஒரு சின்னச் சேர்ப்பு, இப்படிச் சினைப்பை ஓய்ந்தவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு எதிர்பாராமல் தானாகவே கரு தங்குவதும் உண்டு. ஹார்மோன் மாத்திரை கருத்தடையாக வேலை செய்யாது. இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சூரமங்கலம்_அத்தை:
எல்லோருக்கும் நன்றி, அண்ணனிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். ஆனால் அவர் கேட்பது, சினைப்பைக்குப் புத்துயிர் ஊசி என்று போனில் விளம்பரம் வருகிறதே, ரத்தத்தையே எடுத்துத் திருப்பி ஊசி போடுவார்களாம், அதைச் செய்தால் டெஸ்ட்டே வேண்டாமே என்கிறார். அப்புறம் இன்னொன்று, சின்னவளுக்கும் இதே கண்தான், பத்தாவது படிக்கிறாள், அவள் பீரியட்ஸ் இப்போதைக்குச் சரியாக வருகிறது, அதனால் அவளைக் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா? நடுவில் இருக்கும் பையனுக்குக் கண் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

ஐந்துரோடு_லேப்:
அக்கா!! சின்னவளைப் பற்றி இப்போதுதான் சொல்கிறீர்களா? இந்த இழையில் அவசரமான விஷயமே அதுதான்.

ஆத்தூர்_உயிரியல்:
நானும் அதையே எழுத வந்தேன். பெண் குழந்தை பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும், வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம், அதில் வாழ்நாளில் வெளிவருவது 400, 500 தான். புதிதாக உருவாகாது. சின்னவளுக்கு இமை அப்படி என்றால் அதே பழுதான பிரதி வந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அவளுக்கும் கையிருப்பு வேகமாகக் கரையலாம். இப்போது ஒழுங்காக வருகிறது என்பதை நல்ல செய்தியாகப் பார்க்கலாம், கவலையில்லை என்று பார்க்கக் கூடாது. கண் சாதாரணமாக இருக்கும் பையனுக்கு அநேகமாகப் போகவில்லை, அவன் பிள்ளைகளுக்கும் பயமில்லை.

ஐந்துரோடு_லேப்:
புத்துயிர் ஊசி: பரிசோதனை நிலையில் இருப்பது. இதனால் முட்டை திரும்ப வரும் என்று நம்பகமான நிரூபணம் கிடையாது. மரபணுப் பழுதை ரத்தத் தட்டணு ஊசி எப்படிச் சரிசெய்யும்? அந்தப் பணத்தில் டெஸ்ட்டும் எலும்பு ஸ்கேனும் எடுத்துவிட்டு மீதியும் இருக்கும்.

சின்னவளுக்கு ஏ.எம்.எச்., எஃப்.எஸ்.எச்., ஒரு ஸ்கேன், அப்புறம் மரபணு ஆலோசனை தெரிந்த டாக்டர். கையிருப்பு குறைகிறது என்றால், பின்னால் பயன்படட்டும் என்று முட்டையை உறைய வைத்துச் சேமிக்கும் வழி இருக்கிறது. அவள் வயதில் எப்போது, எப்படி என்பதை அவரே பெற்றோரோடு, அவளையும் வைத்துக்கொண்டு பேசட்டும். பெரியவளுக்குக் கடந்துபோன வாய்ப்பு இவளுக்கு இன்னும் திறந்திருக்கலாம்.

மஞ்சக்குட்டை:
ஆரம்பத்தில் அண்ணன் பக்கம் பேசினவன் நான். இப்போது சொல்கிறேன், நாளைக்கே கீழே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

வாழப்பாடி_பெரியவர்:
ஒரு கேள்வி. பெரியவளுக்கு வரன் பார்க்கிறார்களே, மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா? சொன்னால் ஒரு வரனும் நிற்காது. நம்மூர் நடப்பைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

அம்மாப்பேட்டை_தறி:
கோபமில்லை ஐயா. ஆனால் மறைத்துச் செய்தால் முதல் வருடத்திலேயே ஊர் கேட்க ஆரம்பிக்கும், அந்தப் பேச்சு பெண் தலையில்தான் விழும். எனக்கு விழுந்தது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், மாமியாருக்கு ரொம்ப நாள் தெரியாது, அந்த நாட்கள்தான் கொடுமை. அதைவிட முக்கியம், சொல்வதா வேண்டாமா என்று அத்தையும் பெரியவரும் நானும் இங்கே முடிவு செய்யக் கூடாது. 22 வயதுப் பெண். அவள் உடம்பு. முதலில் அவளுக்கு முழுசாகத் தெரியுமா? ரிப்போர்ட்டை அவளிடம் கொடுத்தீர்களா?

சூரமங்கலம்_அத்தை:
கொடுக்கவில்லை. அண்ணி வேண்டாம் என்றாள்.

அம்மாப்பேட்டை_தறி:
கொடுங்கள் அக்கா. அவள் போனில் எஃப்.எஸ்.எச். 68 என்று தேடித் தனியாகப் படித்து அழுவதைவிட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மேல். இந்த வீட்டில் அவளோடு கண் ஒத்துப்போகிற ஒரே பெரிய மனிதர் அவள் அப்பாதான், அவரும் கூட இருக்கட்டும். மனநல ஆலோசனையும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேச்சேரி_பட்டி:
நான் கேட்பது தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். கருப்பை நன்றாக இருக்கிறது என்றால் வேறொருவர் முட்டையில் பிள்ளை பெறலாம் அல்லவா? சட்டம் விடுகிறதா?

ஐந்துரோடு_லேப்:
விடுகிறது அண்ணா. 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி முட்டை தானம் செய்கிற பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண் 21-இலிருந்து 50-க்குள். பதிவு பெற்ற இடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். தரகர் யாராவது கிளம்பி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தானமாக வாங்கிய முட்டை என்றால் இந்த மரபணுப் பழுதும் குழந்தைக்குப் போகாது. இதெல்லாம் அவள் கல்யாணம் செய்து, அவளும் அவரும் யோசிக்கிற காலத்தில். தத்தெடுப்பதும் இருக்கிறது, குழந்தை வேண்டாம் என்றும் இருக்கிறது.

சூரமங்கலம்_அத்தை:
நேற்று ராத்திரி அவளிடம் சொல்லிவிட்டோம். நாங்கள் நினைத்த மாதிரி அழவில்லை, "அப்போ அது என் தப்பு இல்லை இல்லையா அத்தை" என்று கேட்டாள், அப்புறம் ஒரே கேள்வி மேல் கேள்வி. வரன் பேச்சை நிறுத்திவைக்கச் சொன்னது அவள்தான். சின்னவளையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். கடைசியாக ஒன்று, டெஸ்ட்டுக்கு யார் ரத்தம் கொடுக்க வேண்டும்? அண்ணனா, பெண்ணா, எல்லோருமா? எல்லோருக்கும் என்றால் செலவு தாங்காது.

ஐந்துரோடு_லேப்:
முதலில் பெரியவள் ஒருத்தி போதும் அக்கா. அவளிடம் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு ரொம்பக் குறையும். டாக்டரிடம் கேட்க வேண்டியது, மரபணுவின் எழுத்துகளைப் படிப்பதோடு நிறுத்திவிடாமல், துண்டு விடுபட்டிருக்கிறதா என்றும் பார்க்கிற டெஸ்ட்டா என்று. பெரும்பாலானோருக்கு மரபணுவுக்குள்ளேயே பழுது கிடைத்துவிடும், ஆனால் சிலருக்கு முழு மரபணுவே விடுபட்டிருக்கும், இன்னும் சிலருக்கு ஆட்டைப் பற்றி சார் எழுதியபடி, மரபணு நன்றாக இருந்து வெளியே தள்ளியிருக்கும் பகுதி போயிருக்கும். எழுத்தை மட்டும் படித்தால் அதெல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிடும். குரோமோசோம் டெஸ்ட்டையும் எஃப்.எம்.ஆர்.1 டெஸ்ட்டையும் விட்டுவிட வேண்டாம், இமை அப்படி இருந்தாலும் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய அவர் எப்படியும் எழுதுவார். வியாழக்கிழமை போகும்போது முதல் இடத்து ரிப்போர்ட்டுகளையும், ஐந்து வயதில் எடுத்த இமை ஆபரேஷன் தாள்களையும், ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு பழைய போட்டோவையும் எடுத்துப் போங்கள். உங்கள் அப்பாவின் போட்டோ இருந்தால் அதையும். எலும்பு ஸ்கேனும் ஹார்மோன் மாத்திரையும் மரபணு ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதை அன்றைக்கே கேளுங்கள்.